பதினாறு மணி நேரத் தூரம்

தன் மனதில் ஒருவன் இருப்பதாகக் குட்டி சொன்னபோது அக்கா கோபப்படவில்லை. காய்ந்த துணிகளைச் சோபாவில் குவித்துவைத்து இருவரும் மடித்துக்கொண்டிருந்தார்கள். தலையணை உறையை உதறியபடியே, "நம்ம கம்பெனி ஆளா?" என்றாள்.

"ம். கோ-பைலட்."

"நெட்டையா?"

குட்டிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"அவன் போற ஃபிளைட்டாப் பார்த்துப் பார்த்துக் கேட்டு வாங்கிட்டுப் போறே. ஊருக்கே டூட்டி போடறவளுக்கு வீட்ல இருக்கறவ எங்க போறான்னு தெரியாதா?"

குட்டி வெட்கத்தில் துணிக்குவியலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அக்கா அவள் முதுகில் ஒரு செல்லத் தட்டுத் தட்டினாள். "நிமிர்ந்தா நம்ம வாசல் நிலையில இடிச்சுக்குவான் போலிருக்கே. முதல்ல அவன் குனியக் கத்துக்கட்டும், அப்புறம் பேசலாம்."

விமான நிறுவனத்தில் டூட்டி போடுவது அக்காவின் வேலை. எந்த பைலட் எந்த விமானத்தை ஓட்டுவது, எந்தப் பணிப்பெண் எந்த ஊருக்குப் போய் எத்தனை நாள் தங்குவது என்பதையெல்லாம் அவள்தான் மாதாமாதம் முடிவு செய்வாள். ஊழியர்கள் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் 'தலையெழுத்து மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது தெரிந்தும் அவள் சிரித்துக்கொள்வாள். குட்டி பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே பெற்றோர் இருவரும் போய்விட்டதால் அவளைப் படிக்கவைத்து, இதே நிறுவனத்தில் பணிப்பெண்ணாகச் சேர்த்துவிட்டது அக்காதான். தன்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடமெல்லாம், "சின்னவ ஒரு வழிக்கு வரட்டும்" என்று சொல்லிச் சொல்லியே அனுப்பிவிட்டாள். பிறகு யாரும் வரவில்லை.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாததை ஒரு ஃபிளைட் கேட்டு வாங்கிச் சொல்லிவிடுவார்கள். மாமியார் வந்து தங்கப்போகிறாள் என்றால் மருமகள் அந்த வாரம் தூரத்து ஊர் ஒன்றைக் கேட்பாள். பிடிக்காதவன் மோதிரத்தோடு வரப்போகிறான் என்று தெரிந்தால் அந்தப் பெண் அன்றைக்கு ஆகாயத்தில் இருப்பாள். அவனும் புரிந்துகொள்வான். யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை, அழ வேண்டியதில்லை. அக்கா இப்படி எத்தனையோ பேருக்கு ஒத்தாசை செய்திருக்கிறாள்.

நெட்டை நல்லவன் என்று விசாரித்ததில் தெரிந்தது. குடியில்லை, கடனில்லை. கூட வேலை பார்ப்பவர்களின் டீக்கும் சேர்த்தே காசு கொடுக்கிறவன். அக்கா மனதளவில் கல்யாணப் புடவையின் நிறம் வரைக்கும் போய்விட்டாள்.

அப்போதுதான் குட்டி இன்னொன்றைச் சொன்னாள். சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு, வெங்காயத்திடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அவனை மாத்தப்போறாங்கக்கா. கடைக்கோடிக்கு."

அந்த நிறுவனத்தின் விமானங்கள் போகும் ஊர்களிலேயே கடைசி ஊருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் கடைக்கோடி. நடுவில் எங்கும் நிற்காமல் போக வேண்டும். போகும்போது எதிர்காற்று என்பதால் பதினாறு மணி நேரம், வரும்போது காற்றே தள்ளிவிடுவதால் பதினான்கு. அத்தனை தூரம் பறந்தவர்கள் அங்கே ஓய்வெடுத்துவிட்டுத்தான் திரும்பலாம் என்பது சட்டம். எனவே அந்த ஊருக்குப் போகிறவர்களின் பெயருக்கு எதிரே நான்கு நாள்களை அக்கா ஒரே கோடாக இழுத்துவிடுவாள். இத்தனை வருடங்களில் அந்தக் கோட்டை எத்தனை பேருக்கு இழுத்திருக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. அது நீளமான கோடு என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

"அங்கேயே தங்கற மாதிரியா?"

"ஆமாம். வீடு கொடுப்பாங்களாம். கல்யாணம் பண்ணிட்டா என்னையும் அங்கே மாத்திடுவாங்களாம். வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்துடுவேன்க்கா. தினமும் போன்ல பேசிடுவேன். இப்பவும் நான் பாதி நாள் வெளியூர்லதானே இருக்கேன்?"

"அதுக்கென்ன," என்றாள் அக்கா. "விமானம்தான் இருக்கே."

அன்று இரவு அவள் பார்த்துப் பார்த்துப் பரிமாறினாள். ஆனால் மனம் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தது. தான் குளியலறையில் வழுக்கி விழுந்தால், விஷயம் குட்டிக்குப் போய், லீவு கிடைத்து, இடம் கிடைத்து, பதினாறு மணி நேரத்தையும் கடந்து அவள் வந்து சேர்வதற்குள் கட்டுப் போட்டு, காய்ந்து, பிரித்தும் இருப்பார்கள். இங்கே விடியும்போது அங்கே பொழுது சாயும். தான் எழுந்து பேச ஆசைப்படும் நேரத்தில் அவள் தூங்கப் போவாள். பெற்றவள் விட்டுப்போன பிள்ளையைப் பெறாதவள் வளர்த்து, கூப்பிடு தூரத்திலாவது வைத்துக்கொள்ளக் கூடாதா?

மறுநாள் அலுவலகத்தில் அடுத்த மாதத்துக்கான டூட்டி போட உட்கார்ந்தாள். நெட்டை இறங்கும் நாளில் குட்டி ஏறினாள். குட்டி வீட்டில் இருக்கும் நாளில் நெட்டை கடலுக்கு மேலே இருந்தான்.

"என்னக்கா இது, ஒரு நாள்கூட ஒத்துவரலையே," என்று குட்டி சிணுங்கினாள்.

"கம்ப்யூட்டர் போடுதுடி. நானா போடறேன்?"

"தலையெழுத்து மேடமே இப்படிச் சொன்னா நாங்க எங்க போய் முட்டிக்கறது?"

"போய் அவன் உயரத்துல முட்டிக்கோ." இருவரும் சிரித்தார்கள்.

மாதக் கடைசியில் குட்டி சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். மாற்றலில் தனியாகப் போகிறானா, மனைவியோடு போகிறானா என்று நெட்டை அந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அவன் அதற்குமுன் வீட்டுக்கு வந்து அக்காவிடம் முறையாகப் பேச ஆசைப்பட்டான். "ஒரே ஒரு மதியம்க்கா. மூணு பேரும் உக்காந்து சாப்பிடணும். அவ்வளவுதான்," என்று குட்டி அக்காவின் முழங்காலைக் கட்டிக்கொண்டு கெஞ்சினாள்.

"அழாதேடி. வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு போட்டுத் தரேன். உனக்கு லீவு இல்லை, ஸ்டாண்ட்பை. வீட்லயே இருக்கலாம். யாராவது வரலேன்னாத்தான் கூப்பிடுவாங்க. உனக்கு முன்னாடி நாலு பேரு இருக்காங்க, உன் வரைக்கும் வராது."

குட்டி அவள் கன்னத்தில் எச்சில்பட முத்தம் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை அக்காவும் லீவு போட்டிருந்தாள். காலையிலேயே மீன் வாங்கிவந்து கழுவி, மசாலா தடவி வைத்தாள். குட்டி உள்ளே புது உடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

எடுத்தவர் அலாரம் மாமா. தூங்கிக்கொண்டிருக்கும் ஊழியர்களைப் போனில் எழுப்பி வேலைக்கு வரச்சொல்வது அவர் பொறுப்பு. அதனால் அந்தப் பெயர்.

"மாமா, கடைக்கோடி ஃபிளைட்டுக்கு ஆள் சரியா இருக்கா?"

"ஒரு பொண்ணுக்கு வயித்துவலியாம். ஸ்டாண்ட்பையில முதல் ஆளைக் கூப்பிடப் போறேன்."

"குட்டியை அனுப்புங்க."

"ஏம்மா, அவளுக்கு முன்னாடி நாலு பேரு இருக்காங்களே."

"அவளே கேட்டா மாமா. காரணம் எல்லாம் கேக்காதீங்க. போன் பண்றப்போ எதுவும் தெரியாத மாதிரியே கூப்பிடுங்க. பாவம், கூச்சப்படுவா."

"ஓஹோ!" என்று அவர் இழுத்தார். "யாரோ விருந்துக்கு வரான்போல. சரி சரி, நமக்கெதுக்கு ஊர் வம்பு."

அக்கா திரும்பிவந்து மீனை வாணலியில் போட்டுப் புரட்டினாள். சற்று நேரத்தில் உள்ளே குட்டியின் போன் அடித்தது. பிறகு, "அய்யோ!" என்று ஒரு குரல்.

கதவோரம் வந்து நின்றவளின் கண்ணில் நீர் முட்டியது. "என் நேரத்தைப் பாருக்கா. இன்னைக்குன்னு பார்த்து."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். சீருடையை எடுத்துக் கொடுத்தாள். கொண்டை போட்டு, ஊசி குத்தி, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். "நீ போய்ட்டு வாடி. அவன் வரட்டும். நான் பேசறேன். நான் இருக்கேன்ல?"

"நீ இருக்கறதாலதான்க்கா நான் நிம்மதியாப் போறேன்," என்றாள் குட்டி. லிஃப்டில் இறங்கும்போதே நெட்டைக்குச் செய்தி அனுப்பினாள்.

நெட்டை மதியம் வந்தான். நிலையில் இடித்துக்கொள்ளவில்லை, குனிந்தே வந்தான். கையில் பூங்கொத்து. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சாப்பாட்டு மேஜையில் தண்ணீர்க் கூஜாவின் அருகே வைத்தான்.

"ஸ்டாண்ட்பைல கூப்பிட்டுட்டாங்கன்னு மெசேஜ் வந்துது. 'நீ போய்ச் சாப்பிடு, அக்கா எல்லாம் சொல்வா'ன்னு போட்டிருந்தா," என்றான்.

அவன் இயல்பாகத்தான் சொன்னான். ஆனால் அந்தச் செய்தி அக்காவுக்கு வழிவிட்டுக் கதவைத் திறந்து வைத்தது. ஒரு தட்டில் சோறு போட்டு, பெரிய மீனாகப் பார்த்து வைத்தாள். அவன் முதல் கவளத்தை விழுங்கும்வரை காத்திருந்தாள்.

"தம்பி, உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. நீங்க நல்ல பையன். அதனாலதான் அவளுக்கு வாய் வரலை."

"என்னக்கா?"

"ஸ்டாண்ட்பைல கூப்பிடலை. அவ கேட்டு வாங்கிட்டுப் போயிருக்கா."

அவன் மெல்வதை நிறுத்தினான். அந்த வாக்கியத்தின் பொருளை ஒரு விமானக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"இருக்காது," என்றான். "அவ அப்படி இல்லை."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆபீஸ்ல வேணும்னா கேட்டுப் பாருங்க. ஸ்டாண்ட்பையில முதல் ஆளை விட்டுட்டு அஞ்சாவது ஆளை எதுக்குக் கூப்பிடறாங்க, சொல்லுங்க?"

அவன் எச்சில் கையை அப்படியே வைத்துக்கொண்டு இடது கையால் போனை எடுத்தான். அலாரம் மாமாவின் குரல் மேஜைவரை கேட்டது. அவரும் எதையோ மென்றுகொண்டிருந்தார். "ஆமாப்பா, அம்மணியே கேட்டுத்தான் போயிருக்கா. ஏன், நீதான் விருந்தாளியா? அடடா! விடு தம்பி, இந்த வேலையில எல்லாருக்கும் ஒரு தடவை நடக்கும். எனக்கு ரெண்டு தடவை நடந்திருக்கு."

போனை வைத்துவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னான்: "நான் போகப்போறதில்லைன்னு சொல்ல வந்தேன்க்கா."

"எங்க போகப்போறதில்லை?"

"கடைக்கோடிக்கு. மாத்தல் வேணாம்னு எழுதிக் கொடுத்துடலாம்னு இருந்தேன். நேத்துதான் முடிவு பண்ணேன், அவகிட்டகூட இன்னும் சொல்லலை. உங்களை விட்டுட்டு அவளால அவ்வளவு தூரத்துல இருக்க முடியாது. வாய்ல வருவேன்னு சொல்றா, ராத்திரியானா அழறா. உங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்திருக்கேன். நடந்தே வந்துடலாம். அதை உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லணும்னுதான் வந்தேன்."

அக்காவின் கையில் கரண்டி நின்றது.

இப்போதும் சொல்லிவிடலாம். 'தம்பி, நான்தான் அனுப்பினேன், பயத்துல பண்ணிட்டேன், மன்னிச்சுடுங்க' என்றால் அவன் மன்னித்தும்விடுவான். அந்த மாதிரி முகம் அவனுக்கு. இரண்டு தெருவுக்கு அப்பால் குட்டி இருப்பாள். மாலையில் வருவாள். வந்துவிட்டு, மணியைப் பார்த்து, "அவன் வந்துடுவான்க்கா" என்று எழுந்து போவாள். துணி அங்கே காயும். கொண்டையை அங்கே அவிழ்ப்பாள். காய்ச்சல் வந்தால் அவன்தான் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பான். இந்த வீட்டில் அவள் செருப்பைக் கழற்றுவது விருந்தாளி செருப்பைக் கழற்றுவதுபோல இருக்கும்.

தனக்குத் தாங்காமல் போனது அந்தப் பதினாறு மணி நேரம் அல்ல என்று அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த இரண்டு தெருவையும் அவளால் தாங்க முடியாது.

"ரொம்ப நல்ல மனசு உங்களுக்கு," என்றாள் அக்கா. குரல் உண்மையாகவே தழுதழுத்தது. "அவளுக்குக் கொடுத்துவைக்கலை. என்ன பண்றது தம்பி, பிடிக்கறதும் பிடிக்காததும் நம்ம கையிலயா இருக்கு? நீங்க அவகிட்ட எதுவும் கேட்டுச் சங்கடப்படுத்தாதீங்க. கேட்டா, நான் கேட்கவே இல்லைன்னுதான் சொல்லுவா. மீனைச் சாப்பிடுங்க, ஆறிடுச்சு."

அவன் சாப்பிடவில்லை. கை கழுவிக்கொண்டு, இரு கைகளையும் கூப்பி விடைபெற்றான். வெளியே போகும்போது நிலையில் தலையை இடித்துக்கொண்டான். அக்கா, "பார்த்துத் தம்பி!" என்று பதறினாள்.

நான்கு நாள் கழித்து ஒரு காலைப்பொழுதில் குட்டி வீடு திரும்பினாள். பெட்டியை நடுக்கூடத்தில் விட்டுவிட்டுச் சீருடையோடு தரையில் உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது. அக்கா ஒன்றும் கேட்காமல் பின்னால் சோபாவில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் மடிக்கு இழுத்து, கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினாள்.

"அங்கே இறங்கினதும் போன் பண்ணேன்க்கா. 'நீ கேட்டு வாங்கிட்டுப் போனியா'ன்னு கேக்கறான். இல்லைன்னேன். 'இல்லைன்னுதான் சொல்லுவே'ன்னான். யார் சொன்னதுன்னு கேட்டா, உன் பேரைச் சொல்றான். நீ சொன்னியாம். 'எங்க அக்கா அப்படிச் சொல்லவே மாட்டா, உனக்குத் தனியாப் போகணும்னா தைரியமாச் சொல்லிட்டுப் போ, அவ தலையில ஏன் போடறே'ன்னு கத்திட்டேன். ஓட்டல்ல எல்லாரும் பார்த்தாங்க."

அக்கா இன்னொரு ஊசியை எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள்.

"நீ சொன்னியாக்கா?"

கேள்வியில் சந்தேகம் இல்லை. ஒரு சடங்குக்காகக் கேட்டதுபோலத்தான் இருந்தது. அதனால் பதிலும் சுலபமாக வந்தது.

"நான் ஏன்டி சொல்றேன்? மீன் வச்சு, சோறு போட்டு, எங்க குட்டியைக் கண்கலங்காம பார்த்துக்கோங்கன்னுதான் சொன்னேன். அவருக்கு என்னவோ மனசு இங்க இல்லை. பாதித் தட்டுல எழுந்து போய்ட்டார். உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு நான் சொல்லலை."

"அலாரம் மாமாவும் சொன்னாராம். எவ்வளவு புளுகு பாரு! நாளைக்கு மாமாகிட்டயே நேர்ல கேட்டுடறேன்."

அக்காவின் விரல் ஒரு கணம் நின்றது. "கேளு," என்றாள். "தாராளமாக் கேளு. ஆனா அந்த மனுஷன் வாய் உனக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள்ள, நெட்டை இவளைக் கழட்டிவிட்டுட்டான், இவ ஆபீஸ் ஆபீஸா விசாரிச்சுட்டுத் திரியறான்னு ஏர்போர்ட் பூரா பரவிடும். அது உனக்குத் தேவையா? உன் மானம் போனா எனக்குத்தான் வலிக்கும்."

குட்டி யோசித்தாள். பிறகு மெல்லத் தலையசைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "இன்னைக்குத்தான் அவன் கடைக்கோடிக்கு ஒரேயடியாப் போறான். நீயும் கேளுக்கா," என்று ஒலியைக் கூட்டி மடியில் வைத்தாள்.

எதிர்முனையில் விமான நிலையத்து அறிவிப்புகளின் இரைச்சல் கேட்டது. "குட்டி?" என்றது அவன் குரல். அதில் இன்னும் கொஞ்சம் ஆசை மிச்சமிருந்தது.

"அக்காகிட்டக் கேட்டேன். அப்படிச் சொல்லவே இல்லைங்கறா."

"அவங்க பக்கத்துல இருக்காங்களா? ஒரு தடவை என்கிட்டப் பேசச் சொல்லு. இன்னும் போர்டிங் ஆகலை. அவங்க ஒரு வார்த்தை சொன்னா நான் திரும்பிக்கூட வந்துடுவேன்."

குட்டி அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். அக்கா வலித்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவ்வளவு போதுமானதாக இருந்தது.

"எங்க அக்கா பேரை உன் வாயால எடுக்காதே," என்றாள் குட்டி. "எனக்காகக் கல்யாணமே பண்ணிக்காம இருந்தவ அவ. அவளைப் பொய்க்காரி ஆக்கிட்டு உன்கூட வந்து நான் என்ன சுகத்தைக் காணப்போறேன்? போ. இனிமே போன் பண்ணாதே."

"சரி. நல்லா இரு," என்றான் அவன். அறிவிப்பு ஒன்று பாதியில் அறுந்தது.

அவன் எண்ணை அக்காவின் கண்முன்னேயே அழித்தாள் குட்டி. பிறகு திரும்பி அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, மூச்சு முட்ட முட்ட அழுதாள். "நடுவுல ஒரு நிமிஷம் உன்னைச் சந்தேகப்பட்டேன்க்கா. ஃபிளைட்ல வர்றப்போ. என்னை அடி."

"அசடு," என்று அக்கா அவள் முதுகைத் தடவினாள். அவிழ்ந்த முடியை விரலால் கோதிவிட்டாள். "போய்க் குளி. சூடா ஏதாவது செய்யறேன்."

குளித்துவிட்டு வந்து குட்டி சாப்பிட உட்கார்ந்தாள். பசி என்று ஒன்று இருப்பது அவளுக்கே அப்போதுதான் நினைவு வந்ததுபோல வேகமாகச் சாப்பிட்டாள். அக்கா எதிரே உட்கார்ந்து அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நிறைவாக அவள் பல மாதங்களாக உட்கார்ந்ததில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு விமானம் உறுமிக்கொண்டு ஏறியது. இருவரில் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அக்கா."

"சொல்லுடி."

"இனிமே எனக்கு நானா யாரையும் பார்க்கறதா இல்லை. நீ எந்தப் பையனைக் காட்டறியோ அவனுக்குக் கழுத்தை நீட்டச் சொன்னா நீட்டுவேன். ஏன் எதுக்குன்னு ஒரு கேள்வி கேக்க மாட்டேன். நீயே ஒரு நல்லவனாப் பாரு."

அக்கா அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"பார்க்கலாம்," என்றாள். "அதுக்கு இப்போ என்ன அவசரம்?"